பிக்கப் வண்டியில் ரேடியோ தெளிவாகக் கேட்க

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நான் வந்தால் மேலுரம் இடுவது, விதை நேர்த்தி செய்வது, பூச்சி நோய் பார்ப்பது என்று பேசுவேன். இன்றைக்குப் பேசப் போவது உங்கள் பிக்கப் வண்டியின் கதவில் இருக்கிற ஸ்பீக்கரைப் பற்றி. "என்னய்யா இது, ஆபீசர் மெக்கானிக் வேலைக்குப் போயிட்டாரா?" என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

ஒரு காலத்தில் ரேடியோ வீட்டுத் திண்ணையில் இருந்தது, பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்தது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சைச் சீமையில் சனங்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காதில் விழுந்த சொல் வயலில் விளைந்த கதை அது. இன்று திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ கேட்க நமக்கு நேரம் ஏது? தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும்போதும், விடியுமுன் மல்லிகைப்பூவை நிலக்கோட்டைக்குக் கொண்டு போகும்போதும், வண்டிக்குள்தான் நம்மில் பலர் ரேடியோ கேட்கிறோம். குட்டியானையானாலும் சரி, பெரிய பிக்கப் ஆனாலும் சரி, இப்போது அதுதான் நம் திண்ணை.

அந்தத் திண்ணையில் பேச்சு புரிகிறதா என்பதுதான் கேள்வி. வானிலை அறிக்கையில் 'மிதமான மழை' என்று சொன்னால், 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை என்று கணக்கு. 'மிகக் கனமழை' என்றால் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. இரண்டும் 'மி' என்ற எழுத்தில்தான் ஆரம்பிக்கின்றன. என்ஜின் இரைச்சலில், மொரமொரவென்று அதிரும் ஸ்பீக்கரில், முதல் எழுத்தும் கடைசியில் 'மழை'யும் மட்டும் காதில் விழுந்தால் என்ன ஆகும்? களத்தில் நெல்லை அம்பாரமாகக் கொட்டி வைத்திருக்கிறவர், "மிதமான மழைதானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுவார். விடிந்து பார்த்தால் நெல் நனைந்து கிடக்கும். விலை நிலவரத்திலும் இதே தொல்லைதான். அறுபதா, எழுபதா, எண்பதா என்று தெரியாமல் மார்க்கெட்டுக்குப் போனால், தரகர் சொல்வதுதான் விலை.

சரி, தெளிவாகக் கேட்க என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலோர் நேராகக் கடைக்குப் போய்ப் பெரிய ஸ்பீக்கர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். எங்கள் வட்டாரத்தில் தக்காளி போடுகிற விவசாயி ஒருவர் அப்படித்தான் செய்தார். ஸ்பீக்கரும் புதுசு, அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் புதுசு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, "சார், காசு போனதுதான் மிச்சம். பாட்டு வச்சா கதவு அதிருது, பேச்சு வச்சா ஒண்ணும் வெளங்கல" என்றார். கதவைக் கழற்றிப் பார்த்தோம். நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. உள்தகரத்தில் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். அவற்றை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்து தொங்கியது. போதாததற்கு, இடதுபக்க ஸ்பீக்கருக்கு ஒயர் தலைகீழாகக் கொடுக்கப்பட்டிருந்தது. புது ஸ்பீக்கர் என்ன செய்யும், பாவம்! மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை மூட்டையாக உரம் கொட்டிய கதைதான் அது.

ஆகவே இன்றைய பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் கதவைச் சரி செய்யுங்கள். கதவு ஒழுங்காக இருந்தால் பழைய ஸ்பீக்கரே நன்றாகப் பேசும்.

ஏன் அப்படி? ஸ்பீக்கரின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு தாள் இருக்கிறது. அது முன்னும் பின்னும் ஆடித்தான் ஒலி உண்டாகிறது. முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலி அதிகமாக அழியும். கீச்சென்ற ஒலி அவ்வளவாக அழியாது.

நம் பாஷையில் சொன்னால், மேட்டு வயலுக்கு இறைக்கிறீர்கள். நடுவில் வரப்பு இருக்கிறது. வரப்பில் நண்டு வளை இருக்கிறது. நீங்கள் எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் வளை வழியே பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். அதற்காக ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை எடுத்துவிட்டுப் பத்து குதிரைச் சக்தி மோட்டார் வைப்பீர்களா? நண்டு வளையைத்தானே முதலில் அடைப்பீர்கள்? கதவின் உள்தகரம்தான் அந்த வரப்பு. அதில் இருக்கிற ஓட்டைகள்தான் நண்டு வளை. மேளக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கூடு இல்லாமல் தோலை மட்டும் அடித்தால் மேளம் பேசாது. ஸ்பீக்கருக்குக் கதவுதான் கூடு.

இனி வேலைக்கு வருவோம். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்.

முதலாவது, கோளாறு ஸ்பீக்கரிலா, ரேடியோவிலா என்று பாருங்கள். பென் டிரைவிலோ செல்போனிலோ இருக்கிற ஒரு பேச்சைப் போடுங்கள். அது தெளிவாகக் கேட்டு, ரேடியோ மட்டும் கரகரத்தால் குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. ஏரியல் கம்பியின் அடி துருப்பிடித்திருக்கும், அல்லது செட்டின் பின்னால் ஏரியல் பிளக் நழுவியிருக்கும். என்ஜின் வேகத்தைக் கூட்டினால் 'ங்கீ' என்ற சத்தமும் கூடவே ஏறுகிறதா? செட்டின் எர்த்து ஒயரைப் பாருங்கள். பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தால், அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுத் தகரத்தில் படும்படி முடுக்க வேண்டும்.

இரண்டாவது, வலது ஸ்பீக்கரை மட்டும், பிறகு இடது ஸ்பீக்கரை மட்டும் பாட விடுங்கள். செட்டில் 'பேலன்ஸ்' என்று இருக்கும். தனித்தனியாகக் கேட்டால் குரல் கனமாகவும், இரண்டும் சேர்ந்தால் சன்னமாகவும் இருந்தால், ஒரு பக்கத்து ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாடு முன்னே இழுக்க, மறுமாடு பின்னே இழுத்தால் ஏர் எப்படி நகரும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச்சு செல் போதும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் செட்டிலிருந்து முதலில் கழற்றிவிடுங்கள். 1.5 வோல்ட் செல்லின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸ் முனையிலும், மைனஸ் முனையை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் இதைச் செய்து, எந்த ஒயர் பிளஸ் என்று குறித்துக்கொண்டு, செட்டின் பிளஸ் ஒயரோடு சேருங்கள். பத்து நிமிட வேலை. இதிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடுகிற வண்டிகளும் உண்டு.

மூன்றாவது, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது டோர் பேடின் மேல் உள்ளங்கையை வைத்து அங்கங்கே அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் அதிர்வு நிற்கிறதோ அங்கேதான் கிளிப்போ ஸ்குரூவோ போயிருக்கிறது. கதவின் பையில் கிடக்கிற ஸ்பானர், சில்லறை, தண்ணீர் பாட்டில் இவற்றையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். சில சமயம் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்தது ஸ்பானரின் சத்தமாக இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கதவைத் திறக்கலாம். உங்களுக்குக் கைப்பழக்கம் இல்லையென்றால் பக்கத்து எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். கைப்பிடிக்குப் பின்னாலும் பைக்கு உள்ளேயும் ஸ்குரூ மறைந்திருக்கும். அவற்றை எடுக்காமல் பேடை இழுத்தால் உடையும். உள்தகரத்தின் விளிம்பு கருக்கரிவாள் மாதிரி இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பேடை எடுத்தால் உள்தகரத்தில் பெரிய ஓட்டைகள் தெரியும். அவற்றை மெல்லிய அலுமினியத் தகடோ, கெட்டியான பிளாஸ்டிக் தகடோ வெட்டி வைத்து மூடி, ஓரங்களில் பியூட்டைல் ஷீட் ஒட்ட வேண்டும். பியூட்டைல் ஷீட் என்பது ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பசையுள்ள ரப்பரும் கொண்ட பட்டை. கார் சாமான் கடைகளில் கிடைக்கும். கூரைக்கு ஒட்டுகிற தார் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். நம் சித்திரை வெயிலில் அது இளகி வழியும், நாற்றமும் எடுக்கும்.

அதே பியூட்டைல் ஷீட்டில் கொஞ்சம் எடுத்துக் கதவின் வெளித்தகரத்தின் உட்பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகரத்தின் நடுவிலும் ஒட்டுங்கள். முழுத் தகரத்தையும் மூட வேண்டியதில்லை. காலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு மூடினாலே தகரத்தின் அதிர்வு அடங்கும். ஒட்டுமுன் புழுதியும் எண்ணெயும் போகத் துடையுங்கள். மண்ணெண்ணெயால் துடைத்தால் பிசுக்கு நிற்கும், ஷீட் பிடிக்காது. ஒட்டிய பிறகு உருளையால் நன்றாக அழுத்துங்கள். முன்பு தகரத்தைத் தட்டினால் டின் மாதிரி 'டங்' என்று கேட்டிருக்கும். இப்போது மரத்தைத் தட்டினாற்போல் 'டொக்' என்று கேட்கும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். கதவின் அடியில் மழைநீர் வடிகிற சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஒருபோதும் அடைக்கலாகாது. வடிகால் அடைத்த வயல் மாதிரி தண்ணீர் நின்று கதவு அடியிலிருந்து துருப்பிடித்துப் போகும். பூட்டுக்குப் போகிற கம்பிகளும் கண்ணாடி ஏறி இறங்குகிற பாதையும் தடைபடக்கூடாது. கிழிந்த தண்ணீர்த்தாளை அப்படியே விட்டுவிட்டுப் பேடை மாட்டாதீர்கள். அது மழைநீர் பேடின் பக்கம் வராமல் காக்கிற தாள்.

அடுத்து, ஸ்பீக்கர் உட்காருகிற இடம். மெல்லிய தகரத்தில் நேரே ஸ்குரூ முடுக்கினால் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி ஓடித் துளை தளர்ந்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் வளையமோ, நல்ல பிளைவுட்டில் வெட்டி நாலாபுறமும் பெயின்ட் அடித்த வளையமோ வைத்து, அதன் மேல் ஸ்பீக்கரை முடுக்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வேண்டாம். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சுற்று ஃபோம் பட்டை. ஸ்பீக்கரின் முகத்துக்கும் பேடின் வலைக்கும் நடுவில் இன்னொரு சுற்று. இரண்டாவது பட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஒலி வண்டிக்குள் வராமல் பேடின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முடுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தத்தில் கண்ணாடி இடிக்கக்கூடாது.

ஒயர் வேலையில் அலட்சியம் வேண்டாம். கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒயர் கீலுக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். தகரத்துளை வழியே போகிற இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை இளகி அவிழும். ஈயம் வைத்துப் பற்றி, மேலே உறை போடுவதே நல்லது. ஆம்ப்ளிஃபயர் வைக்கிறவர்கள் பேட்டரிக்கு அருகிலேயே, பேட்டரியிலிருந்து வருகிற ஒயரில் பியூஸ் போட்டே ஆக வேண்டும். தோல் உரிந்து அந்த ஒயர் தகரத்தில் பட்டால் பியூஸ் மட்டும் போகும். பியூஸ் இல்லாவிட்டால் ஒயர் தீப்பிடிக்கும். லோடோடு வண்டியும் போகும்.

இதெல்லாம் செய்தும் ஸ்பீக்கர் மாற்றத்தான் வேண்டும் என்றால், கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக 200 வாட், 300 வாட் என்று போட்டிருப்பது ஒரு நொடி தாங்குகிற அளவு. தொடர்ந்து தாங்குகிற அளவு 'ஆர்.எம்.எஸ்.' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சாதாரண 12 வோல்ட் செட் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 15 முதல் 20 வாட் வரைதான். அடுத்தது, ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 87 டெசிபல் ஸ்பீக்கரைவிட 90 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே அதே சத்தம் தரும். குறைந்த தீனியில் அதே பால் கறக்கிற மாடு போல. இன்னொன்று, 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே ஒயரில் ஜோடியாகக் கோர்த்தால் செட்டுக்கு அது 2 ஓம் ஆகிவிடும். தாங்காத செட் சூடாகிக் கருகிப் போகும்.

செட்டில் வைக்க வேண்டிய அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். பேச்சின் தெளிவு ச, த, க, ப போன்ற எழுத்துகளின் கூர்மையில் இருக்கிறது. 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதைத் தருகிறது. 'பேஸ்' அளவை ஏற்றி வைத்தால் அந்தக் கூர்மை அமுங்கிவிடும். வானிலையும் விலையும் கேட்கும்போது 'பேஸ்' அளவைக் குறைத்து, 'லவுட்னெஸ்' பொத்தானை அணைத்து வையுங்கள். 'எச்.பி.எஃப்.' என்று இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவு தாங்க முடியாத அடித்தொண்டை ஒலி ஸ்பீக்கருக்குப் போகாது. கூர்மையான ஒலி டார்ச்சு வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். கதவின் அடியில் ஸ்பீக்கர் இருந்தால் நம் முழங்காலே மறைத்துக்கொள்ளும். தனி டுவீட்டர் வைக்கிறவர்கள், பக்கக் கண்ணாடி இருக்கிற மூலையில், முகத்தைப் பார்த்து வைக்கட்டும். அதோடு வருகிற சின்னக் கண்டன்சரைக் கழற்றிவிட்டு இணைத்தால் டுவீட்டர் கருகும்.

பராமரிப்பும் உண்டு. வண்டி கழுவும்போது தண்ணீர்ப் பீச்சியைக் கண்ணாடி ஓரத்து பீடிங்கில் நேரே அடிக்காதீர்கள். உரத்தைக் கேபினுக்குள் ஏற்றாதீர்கள். யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தை இழுக்கும். அந்த உப்பு நீர் ஸ்பீக்கர் முனைகளையும் தகரத்தையும் அரிக்கும். பூச்சி மருந்தை கேபினில் வைக்கவே கூடாது. இதை நான் எந்தத் தலைப்பில் பேசினாலும் சொல்வேன்.

லோடு ஏறும் வரை என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய ஆம்ப்ளிஃபயர் 5 ஆம்பியர் இழுத்தால், 4 மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர்-மணி போய்விடும். விடியற்காலை சாவி போட்டால் வண்டி முனகும். பூ வாடும், சந்தை முடியும்.

கடைசியாக, சத்தத்தின் அளவு. 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது காதுக்கான பாதுகாப்புக் கணக்கு. 3 டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதியாகும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 91 டெசிபலில் 2 மணி நேரம். டெசிபல் அளக்கக் கருவி வேண்டாம். பக்கத்து சீட்டில் இருக்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம். பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்காவிட்டாலும் அதிகம். ஸ்பீக்கர் தெளிவாக இருந்தால் சத்தத்தை ஏற்ற வேண்டிய தேவையே வராது. கதவைச் சரி செய்யச் சொல்வதில் எனக்கு இருக்கிற பெரிய அக்கறை அதுதான். சந்தைக்குப் போகிற மனிதர் பத்திரமாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

எனவே பெருமக்களே, வரிசையை மனத்தில் வையுங்கள். முதலில் சோதனை, பிறகு ஒயர், பிறகு ஓட்டை அடைப்பு, பிறகு வளையமும் ஃபோமும். புது ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வாரம் சந்தை இல்லாத நாளில் டார்ச்சு செல் சோதனையை மட்டுமாவது செய்து பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் கதவு வேலையையும் முடித்துவிட்டால், அடைமழைக் காலத்தில் அறிக்கையின் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்.